வரத்து வாய்க்காலில் ஒரு மேடு: பாகூர் பக்கம் ஒரு சிற்றேரி வேலை

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்டது விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடியைத் தாண்ட, தென்பெண்ணை கரைபுரண்டு பாகூர் கொம்யூன் என்கிற உள்ளாட்சிப் பகுதியின் தென்பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. அப்படிப்பட்ட வருஷத்திலும் எங்கள் ஊர் ஏரி மாசியிலேயே காலி. ஒரே ராத்திரியில் வந்த வெள்ளம் கலங்கலில், அதாவது ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் கட்டையில், வழிந்து போய்விட்டது. அதற்கப்புறம் மார்கழி வரைக்கும் வாய்க்காலில் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர வேண்டிய தண்ணீர் வரவே இல்லை. புயல் வந்தாலும் வராவிட்டாலும் ரொம்ப வருஷமாக இதே கதைதான்.

2025 கோடையில் அந்த வரத்து வாய்க்காலைச் சரிசெய்யக் கிளம்பினோம். என்ன செய்தோம், எது பலித்தது, எது இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று எழுதி வைக்கிறேன். சிற்றேரி உள்ள வேறு ஊர்க்காரர் யாருக்காவது உதவும். நான் கட்டட வேலையில் சூப்பர்வைசர். நிலத்தை அண்ணன் பார்க்கிறார். எனக்குத் தெரிந்தது மட்டம் பார்ப்பதும் பில் சரிபார்ப்பதும்தான். இந்த வேலைக்கு இரண்டுமே தேவைப்பட்டன.

பாகூர் என்றதும் பெரிய ஏரிதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். புதுச்சேரியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி அது. சொர்ணாவூர் அணைக்கட்டில் தென்பெண்ணைத் தண்ணீரைத் திருப்பி, பங்காரு வாய்க்கால் வழியாக அதற்குக் கொண்டுவருகிறார்கள். எங்களது அதன் ஓரத்தில் வைத்துப் பேசக்கூட முடியாத சின்ன ஏரி. ஆற்றுப் பாசனம் கிடையாது. மேற்கே செம்மண் மேட்டில் பெய்கிற மழை ஓடிவந்தால்தான் உண்டு. கணக்கு எளிது: ஒரு எக்டேரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். அதில் கால்வாசி வாய்க்காலுக்கு வந்தாலே எங்கள் ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், ஒரு போகம் பிழைத்துக்கொள்ளும்.

சிக்கல் என்னவென்றால், மழை பெய்கிற மேடு கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது, ஏரி புதுச்சேரியில் இருக்கிறது. தூக்கணாம்பாக்கம், மடுகரைப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை தமிழ்நாடும் புதுச்சேரியும் மாறி மாறி வரும். எங்கள் வாய்க்கால் ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். மேல்பாதி அவர்கள் பக்கம், கீழ்ப்பாதி எங்கள் பக்கம், நடுவில் ஒரு துண்டு மறுபடியும் அவர்கள் பக்கம்.

ஒவ்வொரு ஐப்பசியிலும் மேற்கு ஊர்க்காரர்கள் வாய்க்கால் கரையை ஓரிடத்தில் வெட்டிவிடுவார்கள். தண்ணீர் பக்கத்து ஓடையில் பாய்ந்து வீணாகப் போகும். “தண்ணிய வேணும்னே திருப்பி உடுறாங்க” என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. “கலங்கல அடைச்சு வச்சிக்கிட்டு எங்க நாத்தங்கால மூழ்கடிக்கிறானுங்க” என்பது அவர்கள் பேச்சு. ஒருமுறை ஸ்டேஷன் வரைக்கும் போய் வந்தார்கள். எந்த மாநிலத்து ஸ்டேஷன் என்பதிலேயே அரை நாள் போனது என்று அண்ணன் சொல்லிச் சிரிப்பார்.

முதலில் காகிதம். தமிழ்நாட்டுப் பக்கத்து நிலத்துக்கு எஃப்.எம்.பி. என்கிற புல வரைபடமும் அ-பதிவேடு என்கிற நிலப் பதிவேடும் இணையத்திலேயே எடுக்கலாம். புதுச்சேரிக்கு நிலமகள் தளம். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதுதான் தலைவலி. அங்கே சர்வே எண், உட்பிரிவு. இங்கே ரீசர்வே எண்ணோடு பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன கதாஸ்தர் (நில அளவை) எண்ணும் ஒட்டிக்கொண்டு வரும். பரப்பு எக்டேர், ஆர், சென்டியார் என்று இருக்கும். ஊரில் பேசும்போது குழிக்கணக்கு. எங்கள் பக்கம் ஒரு குழி 576 சதுர அடி. தஞ்சாவூர்க்காரரிடம் குழி என்றால் அவர் வேறு அளவைச் சொல்வார். எல்லாவற்றையும் மீட்டருக்கு மாற்றி, டிரேசிங் தாளில் ஒரே அளவில் வரைந்து ஒட்டினேன். வாய்க்கால் புறம்போக்கு முக்கால்வாசி இடத்தில் ஆறு மீட்டர் அகலம் என்று இருந்தது. தரையில் நாங்கள் பார்த்த வாய்க்கால் பல இடத்தில் இரண்டு மீட்டர்கூட இல்லை.

இந்த இடத்தில் எல்லாரும் ஆக்கிரமிப்பு என்று கத்தத் தொடங்குவார்கள். நாங்கள் அந்தப் பேச்சை வேண்டுமென்றே தள்ளிவைத்தோம். வரப்பை ஒரு முழம் நகர்த்தினவர் இரண்டு ஊரிலும் இருக்கிறார். அதில் என் சித்தப்பா ஒருவர். அளவு எடுத்துக் கல் நட வேண்டியது சர்வேயர் வேலை. அதை முதல் வேலையாக எடுத்தால் மற்ற எந்த வேலையும் நடக்காது என்பது என் அபிப்பிராயம். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். தண்ணீர் ஓட ஆறு மீட்டர் வேண்டாம், இரண்டு மீட்டர் அகலமும் சரியான வாட்டமும், அதாவது சரிவும், இருந்தால் போதும்.

அந்த வாட்டத்தைத் தெரிந்துகொள்ளத்தான் ட்யூப் லெவல் பிடித்தோம். சைட்டில் இருக்கும் ஆட்டோ லெவல் என்கிற மட்டம் பார்க்கும் கருவியை எடுத்துப் போயிருக்கலாம். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு மேற்கு ஊருக்குள் போனால் ரோடு போடவா, நிலம் எடுக்கவா என்று நூறு கேள்வி வரும். ட்யூபை எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்குக் கடைக்கால் போடும்போது கொத்தனார் பிடிப்பது. செலவும் குறைவு. பதினைந்து மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் ட்யூப், இரண்டு நேரான சவுக்குக் கம்பு, இரண்டிலும் ஒட்டிய தையல் டேப். ட்யூபில் தண்ணீர் நிரப்பும்போது சொட்டு நீலம் நாலு துளி விட்டால் வெயிலில் மட்டம் பளிச்சென்று தெரியும். உள்ளே குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் இரண்டு பக்க மட்டமும் பொய் சொல்லும். ட்யூபின் ஒரு பாதி வெயிலிலும் மறுபாதி நிழலிலும் இருக்கும்படி பிடிக்காதீர்கள், அதிலும் சில மில்லிமீட்டர் மாறும்.

பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி. பின் கம்புக்காரர் சொல்கிற அளவுக்கும் முன் கம்புக்காரர் சொல்கிற அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தப் பத்து மீட்டரின் ஏற்ற இறக்கம். வண்டலின் மேல் கம்பை வைக்கக் கூடாது. கடப்பாரையால் குத்திப் பழைய கெட்டித் தரை எங்கே தட்டுகிறது என்று பார்த்து அதன் மேல் வைக்க வேண்டும். இந்தக் குத்துகிற வேலையை எங்கள் ஊர் நீர்க்கட்டி பார்த்தார். எழுபதைத் தாண்டியவர். அவர் அப்பா காலத்திலிருந்து மதகு திறந்து மூடுவதும் வயலுக்கு முறை வைத்துப் பாய்ச்சுவதும் அந்தக் குடும்பம்தான். அறுவடையில் அவர்களுக்கென்று நெல் ஒதுக்குவார்கள். போர்வெல் வந்தபின் அந்த நெல்லும் நின்றுபோய், இப்போது தோப்புக் காவலுக்குப் போகிறார். கடப்பாரை இறங்குகிற சத்தத்திலேயே “இது வண்டல் தம்பி, இன்னும் இறக்கு” என்பார்.

கீழிருந்து மேலே போனோம். எங்கள் பக்கம் நூறு மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் வாட்டம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. எல்லைத் துண்டில் ஒரு சிறுபாலம். தார் ரோட்டுக்கு அடியில் 600 மில்லிமீட்டர் ஹியூம் பைப் (சிமெண்ட் குழாய்) இரண்டு. பைப்பின் அடிவட்டம் வாய்க்காலின் பழைய தரையைவிட 38 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. மூன்று தடவை பிடித்துப் பார்த்தும் அதே அளவு. ரோடு போட்ட காலத்தில் தோண்டச் சோம்பல்பட்டு வண்டலின் மேலேயே பைப்பை வைத்திருக்கிறார்கள் போல. யார் போட்டது என்று நோண்டவில்லை.

நூறு மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் வாட்டம் உள்ள வாய்க்காலில் 38 சென்டிமீட்டர் மேடு போட்டால், தண்ணீர் அந்த மேட்டை ஏறித் தாண்டுவதற்கு முன்னால் 760 மீட்டர் பின்னுக்குத் தேங்கும். வாய்க்காலில் அவ்வளவு தூரம் மேலே போனால் மேற்கு ஊர் நாற்றங்கால். மழையில் அவர்கள் பயிர் மூழ்குவதும், மழை விட்டதும் எங்கள் பக்கம் வாய்க்கால் காய்வதும் அந்த ஒரே பைப்பால்தான். கலங்கலுக்கும் நாற்றங்காலுக்கும் நடுவில் இருந்தது இரண்டு ஊரும் தினமும் வண்டி ஓட்டிப் போகிற ரோடு.

இதை எங்கள் ஊரில் சொல்வது சுலபம். மேற்கு ஊரில் நாங்கள் போய்ச் சொன்னால் எடுபடாது. அங்கே முன்னால் வார்டு உறுப்பினராக இருந்த அக்கா ஒருவரைப் பிடித்தோம். அவர் வயலும் மூழ்குகிற வயல்தான். “நீங்க எழுதினத நம்பறதுக்கு நான் ஏன் வரணும், எங்க பசங்க கையில அந்தக் கம்பக் குடுங்க” என்றார். நியாயம்தானே. அவர்கள் ஊர்ப் பையன்கள் நாலு பேர் தாங்களே ட்யூபைப் பிடித்து அளந்தார்கள். 37 என்று வந்தது. அந்த ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்துக்காகவே எங்கள் நோட்டை நம்பத் தொடங்கினார்கள் என்று நினைக்கிறேன்.

சரி, பைப்பை இறக்க யாரிடம் கேட்பது? ரோடு தமிழ்நாட்டு ஊராட்சி ரோடு. புதுச்சேரிக்காரன் போய் மனு கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், அதோடு சரி. மேற்கு ஊரிலோ ஊராட்சித் தலைவர் என்று யாரும் இல்லை. கடலூர் உட்பட பல மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து, அப்போது தனி அலுவலர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் அதைவிட மோசம். புதுச்சேரியில் கடைசியாக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல். 2011க்கு அப்புறம் எங்களுக்குப் பஞ்சாயத்து உறுப்பினர் என்று ஒருவரே கிடையாது, கொம்யூன் பஞ்சாயத்தை ஆணையர்தான் நடத்துகிறார். ஆக ஒரு வாய்க்கால், இரண்டு மாநிலம், ஓட்டு வாங்கி வந்த ஆள் பூஜ்யம்.

தமிழ்நாட்டில் கிராம சபை மட்டும் நடக்கிறது. மே 1 கூட்டத்தில் அந்த அக்கா எழுந்து, பைப்பை இறக்க வேண்டும், வாய்க்காலை நூறு நாள் வேலையில் தூர்வார வேண்டும் என்று இரண்டு தீர்மானம் எழுத வைத்தார். நாங்கள் வரைந்த வெட்டுப்படமும் அளவும் அதோடு இணைப்பு. கிராம சபைத் தீர்மானத்தில் பேச்சு மட்டும் இருந்தால் அது பேச்சாகவே நின்றுவிடும். அளவு, சர்வே எண், படம் மூன்றும் இருந்தால் எஸ்டிமேட் போடுகிறவர் அதை அப்படியே எடுத்துக்கொள்வார். அவருக்கும் வேலை மிச்சம்.

எங்கள் பக்கம் கையில் எடுத்தது ஏரிச் சங்கம். பழைய சங்கம்தான். 1999இல் ஐரோப்பிய யூனியன் நிதியோடு புதுச்சேரியின் 84 ஏரிகளையும் சீரமைக்கும் திட்டம் தொடங்கியபோது ஊருக்கு ஊர் இப்படிச் சங்கம் வைத்தார்கள். அதற்கு முன்னால், பிரெஞ்சுக்காரர் காலத்தில், சிந்திக்கா அக்ரிக்கோல் என்று விவசாயிகளே நடத்திய சங்கங்கள் இந்தப் பக்கத்து ஏரிகளைப் பார்த்துக்கொண்டன. நீர்க்கட்டி இன்னும் “சந்திக்கா” என்றுதான் சொல்கிறார். எங்கள் சங்கத்துக்கு வங்கிக் கணக்கும் அதில் கொஞ்சம் பணமும் இருந்தது. ஆனால் கையெழுத்துப் போட வேண்டிய இருவரில் ஒருவர் காலமாகிவிட்டார். புதிதாகக் கூட்டம் போட்டு, பேர் மாற்றி, வங்கியில் ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் ஆனி பிறந்துவிட்டது. இதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஜெராக்ஸ் எடுத்தோம், காத்திருந்தோம்.

முக்கியமான பேச்சு ஆடியில், எல்லைத் துண்டுக்குப் பக்கத்தில் உள்ள ஐயனார் கோயில் திட்டில் நடந்தது. அந்தக் கோயிலுக்கு இரண்டு ஊரும் பொங்கல் வைப்பதால் இடத்தைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. மேற்கு ஊர்க்காரர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. “பைப்ப இறக்கறது இருக்கட்டும். நீங்க கலங்கல அடைக்காம இருப்பீங்களா?”

எங்கள் கலங்கல் பழைய முறையில் கட்டியது. கட்டையின் மேல் வரிசையாகக் கல் நட்டிருக்கும். ஏரி நிரம்பும்போது அந்தக் கற்களுக்கு நடுவே வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்தால் இன்னும் ஒரு அடி தண்ணீர் கூடுதலாக நிற்கும். ஒரு அடி என்றால் சும்மா இல்லை, சித்திரை வரைக்கும் மாடு குடிக்கும். ஆனால் அந்த ஒரு அடி வாய்க்காலிலும் பின்னேறும். மேட்டு பைப் போனபின் அந்தப் பின்னேற்றம் நேராக அவர்கள் வயல் வரைக்கும் போகுமே என்பது அவர்கள் பயம். எங்கள் ஊர்ப் பெருசுகள் ஒத்துக்கொள்ளவில்லை. மீன் குத்தகை எடுத்தவருக்கு அதைவிட வருத்தம், கலங்கலை அடைக்காவிட்டால் மீன் அதன் வழியே ஓடிவிடும் என்று. ராத்திரி வரைக்கும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். கார்த்திகை முடிகிறவரை கலங்கலை அடைப்பதில்லை. பெருமழைக் காலம் போய் மார்கழி பிறந்தபின் மேற்கு ஊர் ஆள் ஒருவர் வந்து பார்த்துச் சரி என்றால் அடைக்கலாம். அதற்குப் பதிலாக அவர்கள் கரையை வெட்டுவதில்லை. மூழ்குகிற நிலைமை வந்தால் முதலில் எங்களுக்குப் போன், நாங்கள் மதகைத் திறக்க வேண்டும். மீன் குத்தகைக்காரருக்குக் கலங்கலில் வலை கட்டிக்கொள்ள அனுமதி. ஒரு தாளில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து. சட்டப்படி அந்தத் தாளுக்கு மதிப்பு உண்டா என்றால் கிடையாது.

தூர்வாரும் வேலையில் அதிகம் படுத்தியது மண் அல்ல, நெய்வேலிக் காட்டாமணக்கு. ஊதாப் பூ பூத்து வாய்க்காலை அடைத்துக் கிடக்குமே, அதுதான். வெட்டுவது சுலபம். வெட்டிய தண்டைக் கரையில் போட்டால் ஒரு மழைக்கு வேர்விட்டுவிடும். வாய்க்காலில் விழுந்த துண்டு மிதந்து போய் ஏரி வாயில் முளைக்கும். மேற்கு ஊரில் நூறு நாள் வேலைப் பெண்கள் அதை வேரோடு பிடுங்கி, களத்து மேட்டில் சிமெண்ட் தரையில் பரப்பி, நன்றாக மொறுமொறுவென்று காயும்வரை புரட்டிப் போட்டு எரித்தார்கள். தண்டைக் கையில் வளைத்து, ஒடியாமல் வளைந்தால் இன்னும் உயிர் இருக்கிறது என்று ஒரு பாட்டி ஒவ்வொரு குவியலிலும் சோதித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் ஜேசிபி விட்டு வாரிக் கரையிலேயே கொட்டிய இடத்தில் இப்போது மறுபடியும் பச்சை தெரிகிறது. அவர்கள் பக்கம் இல்லை. ஜேசிபியால் மண் அள்ளலாம், களை எடுக்க ஆள்தான் வேண்டும்.

பைப் வேலைக்கு அனுமதி வந்தது ஆவணிக் கடைசியில். ரோட்டைப் பாதிப் பாதியாக வெட்டினார்கள். நல்ல விஷயம் ஒன்று: அடிமட்டத்தை 38 சென்டிமீட்டர் இறக்கியதால், ரோடு உயரத்தை மாற்றாமலே 900 மில்லிமீட்டர் பைப் உட்கார இடம் கிடைத்தது. 600இலிருந்து 900க்கு மாற்றினால் தண்ணீர் போகும் வாய் இரண்டேகால் மடங்கு பெரிதாகும். அடியில் சிமெண்ட் ஒன்றுக்கு மணல் நாலு, ஜல்லி எட்டு என்ற கலவையில் படுகை. பைப்பை வைக்கும் முன் அந்தப் படுகையின் மட்டத்தை மேற்கு ஊர்ப் பையன்களே ட்யூப் பிடித்துச் சரிபார்த்தார்கள். மேஸ்திரிக்குக் கோபம். “நாப்பது வருஷமா பைப் வைக்கிறேன்” என்றார். இருக்கட்டும் மாமா, எங்கள் மனத்திருப்திக்கு என்று டீ வாங்கிக் கொடுத்துச் சமாளித்தோம்.

ஏரி வாய்க்குச் சற்று முன்னால் வாய்க்காலை அகலப்படுத்தி ஒரு மண்பிடிக் குழி தோண்டினோம். நாலு மீட்டருக்கு மூன்று மீட்டர், ஒரு மீட்டர் ஆழம். வேகமாக வருகிற செம்மண் தண்ணீர் அகலமான இடத்தில் நிதானிக்கும், மணல் அங்கேயே படிந்துவிடும். ஏரி முழுக்கத் தூர்வாருவதைவிட வருஷத்துக்கு ஒருமுறை இந்தக் குழியை வாருவது மலிவு.

கரைக்கு வெட்டிவேர். கடலூர்க் கடலோர மணல் நிலத்தில் வெட்டிவேர் பயிர் செய்கிறார்கள். அறுவடை என்றால் தூரோடு தோண்டி வேரை அறுத்துக்கொள்வது. மேலே மிஞ்சும் தூரைப் பிரித்தால் அதுதான் நாற்று. சொல்லி வைத்து ஒரு டாட்டா ஏஸ் நிறைய ஏற்றி வந்தோம். கரைச் சரிவில் 15 சென்டிமீட்டருக்கு ஒன்று, ஒரே கோட்டில், வாய்க்காலுக்கு இணையாக. இடைவெளி விட்டால் அந்த இடத்தில்தான் தண்ணீர் வாய் பிளக்கும். பிடித்துவிட்டால் வேர் நேர் கீழே இரண்டு மூன்று மீட்டர் இறங்கும், பக்கத்து வயலைத் தொந்தரவு செய்யாது. ஒரே கவலை, வேருக்குச் சந்தையில் விலை இருக்கிறது. யாராவது தோண்டி விற்றுவிட்டால் கரையும் சேர்ந்து போகும். கோயில் திட்டுத் தாளில் அதையும் ஒரு வரி சேர்த்தோம்.

மதகு ஷட்டரின் திருகுத் தண்டு துருப்பிடித்துக் கிடந்தது, கைப்பிடி எப்போதோ காணாமல் போயிருந்தது. வெல்டிங் பட்டறையில் புதிது செய்து, கிரீஸ் அடித்து, கைப்பிடியை நீர்க்கட்டி வீட்டில் வைத்தோம்.

அளவுகோல் மூன்று இடத்தில்: சிறுபாலத்துச் சுவர், மண்பிடிக் குழி ஓரம், மதகுத் தூண். வெள்ளை அடித்து அதன் மேல் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கறுப்புக் கோடு. சிறுபாலத்தில் 70இல் மஞ்சள் கோடு, 90இல் சிவப்புக் கோடு. மஞ்சள் வந்தால் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும், சிவப்பு வந்தால் போன். குழுவில் காலை வணக்கப் படங்களும் ஜவுளிக்கடை விளம்பரமும் வந்து அளவுப் பதிவைத் தேட வேண்டியிருந்தது. அதனால் படம் போடுகிறவரை ஒரு நாள் வெளியே எடுப்பது என்று வைத்தோம். முதலில் வெளியே போனது என் அண்ணன்.

ஐப்பசி மழையில் முதல் சோதனை. ராத்திரி முழுக்கப் பெய்தது. விடியற்காலை நாலு மணிக்கு அந்த அக்காவிடமிருந்து போன்: “தம்பி, செவப்பத் தொட்டுடிச்சு, எங்காளு மண்வெட்டியத் தூக்கிட்டான், வர்றீங்களா இல்லையா?” நீர்க்கட்டியும் நானும் போய் மதகைத் திறந்தோம். ஏரி அப்போது நிரம்பியிருக்கவில்லை. வந்த தண்ணீரை வெளியே விடுவதா என்று எங்கள் ஊர் ஆள் ஒருவர் கரையில் நின்றுகொண்டு திட்டினார். ஒன்றரை மணி நேரத்தில் சிறுபாலத்தில் சிவப்புக்குக் கீழே இறங்கியது. மதகைத் திறந்ததால் இறங்கியதா, மழை விட்டதால் இறங்கியதா என்று கேட்டால் மழை விட்டதுதான் பெரிய காரணம் என்பேன். ஏரி நிரம்பாதபோது மதகைத் திறப்பதால் வாய்க்கால் மட்டம் அவ்வளவு மாறாது. ஆனால் அன்றைக்குத் திறக்காமல் இருந்திருந்தால் கரையை வெட்டியிருப்பார்கள். வெட்டவில்லை.

வெயில் வந்தபின் வாய்க்காலில் ஓட்டம் எவ்வளவு என்று அளந்தோம். நேரான இடத்தில் பத்து மீட்டருக்கு இரண்டு குச்சி நட்டு, மேல் குச்சியருகே ஒரு எலுமிச்சம்பழத்தைப் போட்டு, கீழ்க் குச்சிக்கு வர எத்தனை விநாடி என்று பார்ப்பது. பழம் முக்கால்வாசி முங்கி மிதப்பதால் காற்று அடித்தாலும் அவ்வளவாகத் தள்ளாது. 33 விநாடி. அகலம் 1.8 மீட்டர், ஆழம் சராசரி 40 சென்டிமீட்டர். மேல்மட்டத்து வேகம் அடியில் இருக்காது என்பதால் 0.85ஆல் பெருக்க வேண்டும். விநாடிக்கு ஏறக்குறைய 185 லிட்டர், ஆறரை கன அடி. அதே ஓட்டம் ஒரு நாள் நின்றால் ஒன்றரைக் கோடி லிட்டருக்கு மேல். மழை விட்டு நாலாம் நாளும் வாய்க்காலில் தண்ணீர் ஓடி நான் பார்த்தது அப்போதுதான்.

எல்லாருக்கும் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. மேற்கு ஊரில் வாய்க்கால் ஓரமாக போர்வெல் வைத்திருக்கும் ஒருவர், தண்ணீர் தேங்கி நின்ற வரைக்கும் தன் போரில் மட்டம் ஏறியதாகவும் இப்போது எல்லாம் ஓடிப்போவதாகவும் சொல்கிறார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. தேங்கிய 760 மீட்டரும் ஊறிக்கொண்டுதானே இருந்தது. அவருடைய கிணற்றையும் சேர்த்து இரண்டு ஊரிலும் சில திறந்த கிணறுகளில் மாதம் ஒருமுறை மட்டம் எடுக்கிறோம். டேப்பின் நுனியில் நட்டு ஒன்றைக் கட்டி, கடைசி ஒரு மீட்டருக்குச் சாக்பீஸ் பூசி இறக்கினால் நனைந்த இடம் தெளிவாகத் தெரியும். காலையில் மோட்டார் போடுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். இதில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எங்களைவிட ஒழுங்கு. கிழக்கே கடலுக்குப் போகப் போக உப்பு ஏறுகிறது என்ற பேச்சு இருப்பதால் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரும் வாங்கியிருக்கிறோம். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 2000 வரை என்பது இந்தியத் தரக் குறியீடு. ஒரு பருவ அளவை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

போர்க்காரருக்காக மேற்கு ஊர்ப் பழைய குட்டை ஒன்றுக்கு வாய்க்காலிலிருந்து நாலு அங்குல பைப் ஒன்று வைப்பதாகப் பேசியிருக்கிறோம். வாய்க்கால் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் வாய் வைத்தால், கொஞ்சமாக வரும் தண்ணீர் ஏரிக்கே போகும், அதிகமாக வந்தால் மட்டும் குட்டைக்குப் பிரியும். எங்கள் ஊரில் இதற்கு இன்னும் முழு ஒப்புதல் இல்லை. உயரம் 40 இருக்க வேண்டும் என்கிறார்கள். தை அறுவடை முடிந்ததும் திட்டில் மறுபடியும் உட்கார வேண்டும். மண்பிடிக் குழியை வாருவது, எங்கள் பக்கம் முளைத்த காட்டாமணக்கை இந்தத் தடவை ஆள் வைத்துப் பிடுங்குவது, மேலே இன்னொரு சிறுபாலத்தில் ட்யூப் பிடிப்பது என்று அதற்கு முன் செய்ய வேண்டியவை நோட்டில் இருக்கின்றன. அந்த இரண்டாவது பாலத்தில் மேடு இருப்பதாக மேற்கு ஊர்ப் பையன்கள் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். 22 சென்டிமீட்டராம்.